ஒரு கட்டி உப்பு

எங்கள் தெருவில் ஒரு வீடு. அந்த வீட்டுக் குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்துவிட்டது. வட்ட முகம், துருதுருவென்று கண்கள். ஆனால் "அம்மா" என்ற ஒரு வார்த்தை அதன் வாயிலிருந்து வந்த பாடில்லை. பின்னால் நின்று கை தட்டினால் திரும்பிப் பார்ப்பதுமில்லை. பெற்றவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நாட்களைக் கழித்து வந்தாள்.

ஒரு நாள் மாலை, அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் அந்த வீட்டுத் திண்ணையில் கூடியிருந்தோம். எங்களுக்குள் வயதில் மூத்த ஓர் அம்மாள் குழந்தையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"என்னம்மா செய்வது! போன ஜன்மத்தில் நீ யார் வாயை அடைத்தாயோ, இந்த ஜன்மத்தில் உன் குழந்தைக்கு வாய் திறக்கவில்லை. அவரவர் கர்மத்தை அவரவர்தானே அனுபவிக்க வேண்டும்?"

அந்த அம்மாள் பொல்லாதவள் அல்ல. யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முதலில் போய் நிற்பவள். ஆறுதல் சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள். ஆனால் அந்த இளந் தாயின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. மறு பேச்சுப் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதோடு போயிற்றா? அதற்கு அப்புறம் ஆறு மாதம் வரையில் அவள் குழந்தையை எந்த டாக்டரிடமும் கொண்டு போகவில்லை. "என் தலையெழுத்துக்கு டாக்டர் என்ன செய்வார்?" என்று இருந்துவிட்டாள்.

அந்த ஆறு மாதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புத்தர் பெருமானின் நினைவு வருகிறது. "கர்மத்துக்கும் புத்தருக்கும் என்ன சம்பந்தம்? அவர் அன்பையும் அஹிம்சையையும் அல்லவா போதித்தார்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் நிறைய இருக்கிறது. வினைப் பயனையும் மறுபிறப்பையும் ஒப்புக்கொண்டவர் அவர். அதே சமயத்தில், நம் திண்ணையில் புழங்கும் "எல்லாம் கர்மம்" என்ற பேச்சை அவரைப் போல் கண்டித்தவர்களும் அதிகம் பேர் இல்லை. இது எப்படிப் பொருந்தும் என்கிறீர்களா? வாருங்கள், பார்க்கலாம்.

கையைக் கட்டும் கொள்கைகள்

சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பு கங்கைச் சமவெளியில், இன்றைய பீகாரும் உத்தரப் பிரதேசமும் இருக்கும் பகுதியில், ஊருக்கு ஊர் ஞானிகளும் துறவிகளும் வாதம் செய்துகொண்டு திரிந்தார்கள். மனிதனுடைய சுக துக்கங்களுக்குக் காரணம் என்ன என்பதுதான் பெரிய கேள்வி. மற்கலி கோசாலர் என்பவர் ஆஜீவகர்களின் தலைவர். நூல் உருண்டையை வீசி எறிந்தால் நூல் முடிகிறவரையில் அது உருண்டுகொண்டே போவது போல, மனிதனும் விதித்த பிறவிகளை எல்லாம் கடந்துதான் தீர வேண்டும். முயற்சியால் ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லி வந்தார்.

அந்தக் காலத்தில் வழங்கிய மூன்று கொள்கைகளைப் புத்தர் எடுத்து அலசுகிறார். மனிதன் அனுபவிப்பது எல்லாம் முன் செய்த வினையினால்தான் என்பது ஒன்று. எல்லாம் ஈசுவரன் படைத்தபடி என்பது இரண்டாவது. எதற்குமே காரணம் கிடையாது, எல்லாம் தற்செயல் என்பது மூன்றாவது. இந்த மூன்றில் எதைப் பிடித்துக்கொண்டாலும் முடிவு ஒன்றுதான் என்கிறார் அவர். எப்படி?

ஒருவன் திருடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஏனப்பா திருடினாய்?" என்று கேட்டால், "நான் என்ன செய்வேன்? பூர்வ ஜன்ம வினை என்னைத் திருட வைத்தது" என்று அவன் பதில் சொல்லலாம் அல்லவா? அப்புறம் அவனைத் திருத்துவது எங்கே? இதைச் செய்ய வேண்டும், இதைச் செய்யக் கூடாது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும். முயற்சி செய்ய வேண்டும் என்ற ஆசையே மனத்தில் எழாது. ஆகையால், எல்லாம் பழைய வினை என்று சாய்ந்துகொள்கிறவன் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறான் என்பது புத்தரின் முடிவு.

எங்கள் தெருப் பெண் கையைக் கட்டிக்கொண்ட ஆறு மாதம் ஞாபகத்துக்கு வருகிறதா?

சீவகன் கேட்ட கேள்வி

ராஜகிருஹத்தில், மூங்கில் சோலையான வேணுவனத்தில் புத்தர் தங்கியிருந்தபோது மோளிய சீவகன் என்ற ஒரு பரதேசி அவரைத் தேடி வந்தான். நம் சிந்தாமணிக் காவியத்துச் சீவகன் அல்ல, இவன் வேறு. "மனிதன் அனுபவிக்கும் இன்ப துன்பம் எல்லாம் பூர்வ கர்மத்தின் பலன் என்று சிலர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று நேராகவே கேட்டுவிட்டான்.

புத்தர் சொன்ன விடை நம் பாட்டி வைத்தியப் பெட்டியைத் திறந்தது போல இருக்கிறது. சில வேதனைகள் பித்தத்தினால் வருகின்றன, சில சிலேத்துமத்தினால், சில வாதத்தினால், சில இம்மூன்றும் கலந்து கெடுவதால். சில பருவ மாறுதலால் வருகின்றன. சில உடம்பைச் சரியாகப் பேணாததால் வருகின்றன. சில பிறர் தாக்குவது போன்ற வெளிக் காரணத்தால் வருகின்றன. எட்டாவதாக, சில வினையின் பலனாகவும் வருகின்றன.

8 காரணங்களில் கர்மம் ஒன்றே ஒன்று! மற்ற ஏழையும் மனிதன் தானே அனுபவத்தில் காணலாம், உலகமும் அறிந்திருக்கிறது. அப்படி இருக்க, எல்லாவற்றையும் கர்மத்தின் தலையில் போடுகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள்; அது தவறு என்று அவர் முடித்தார். மிலிந்தன் என்ற கிரேக்க அரசனுக்கும் நாகசேனர் என்ற பிக்ஷுவுக்கும் நடந்த புகழ் பெற்ற சம்வாதத்திலும் இந்த எட்டுக் காரணங்கள் மீண்டும் வருகின்றன.

"சரி, அந்த எட்டாவது காரணம் இருக்கத்தானே இருக்கிறது? இந்தக் குழந்தைக்கு அதுவாகவே இருக்கக் கூடாதா?" என்று நம் திண்ணை அம்மாள் கேட்கலாம். அதற்கும் புத்தர் இடம் வைக்கவில்லை. எந்த வினைக்கு எந்தப் பலன், எப்போது, எப்படி என்பது சிந்தனைக்கு எட்டாத விஷயங்களில் ஒன்று. அதைத் துருவிக்கொண்டே போனால் சித்தம் கலங்கும் துன்பம்தான் மிஞ்சும் என்று இன்னோரிடத்தில் எச்சரித்திருக்கிறார். பிறத்தியார் வீட்டுக் குழந்தையைப் பார்த்து, இன்ன பாபத்துக்கு இன்ன தண்டனை என்று கணக்கு எழுதும் பேனாவை அவர் யார் கையிலும் கொடுக்கவில்லை.

கையா, மனமா?

அப்படியானால் கர்மம் என்பதுதான் என்ன? அந்தச் சொல்லுக்குச் செய்கை என்பதுதான் நேர்ப் பொருள். ஆனால் புத்தர் அதற்கு ஒரு புது விளக்கம் கொடுத்தார். கை செய்கிற காரியத்தைக் காட்டிலும், அதைச் செய்யும்படி தூண்டுகிற மனத்தின் நோக்கமே கர்மம் என்றார். பாலி மொழியில் அதற்குச் 'சேதனா' என்று பெயர்.

இதை விளக்க உரைநூலில் ஒரு கதை உண்டு. சக்குபாலர் என்ற கண்ணிழந்த முதிய பிக்ஷு ஒருவர் இருந்தார். இரவில் மழை பெய்து ஓய்ந்தது. பூச்சிகள் தரையெங்கும் ஊர்ந்தன. விடியற்காலையில் கிழவர் வழக்கம்போல் முன்னும் பின்னும் நடந்து தியானம் செய்தார். அவர் காலடியில் பூச்சிகள் நசுங்கிவிட்டன. அதைப் பார்த்த வேறு சில பிக்ஷுக்கள் புத்தரிடம் ஓடிப் போய்ப் புகார் செய்தார்கள். "அவர் கொன்றதை நீங்கள் பார்த்தீர்களா?" என்று புத்தர் கேட்டார். "பார்க்கவில்லை" என்றார்கள். "நீங்கள் அவரைப் பார்க்காதது போலவே அவரும் பூச்சிகளைப் பார்க்கவில்லை. கொல்லும் எண்ணம் இல்லாத இடத்தில் கொலைப் பாபம் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதில் ஆறுதலும் இருக்கிறது, கண்டிப்பும் இருக்கிறது. கைதவறிப் போனதற்கு நெஞ்சு வெந்து சாக வேண்டாம் என்பது ஆறுதல். ஆனால் சிரித்த முகத்தோடு, வேண்டுமென்றே ஒருத்தியின் மனத்தைப் புண்படுத்திவிட்டு, "நான் ஒன்றும் செய்யவில்லையே!" என்று கையை விரிக்கவும் முடியாது. கை சுத்தமாக இருக்கலாம். மனத்தின் கணக்கு வேறு.

ராகுலனின் கண்ணாடி

பிள்ளைகளை வளர்க்கிற நமக்கு மிகவும் பயன்படும் பாடம் ஒன்றைப் புத்தர் தம் சொந்த மகனுக்கே சொல்லிக் கொடுத்தார். ராகுலன் சிறு வயதிலேயே சங்கத்தில் சேர்ந்தவன். இந்த உபதேசம் நடந்தபோது அவனுக்கு ஏழு வயது என்று உரைகாரர்கள் கூறுகிறார்கள். கால் கழுவும் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை மீதி வைத்துக் காட்டி, தெரிந்தே பொய் சொல்லக் கூசாதவனிடம் உள்ள துறவு இவ்வளவுதான் என்றார். பிறகு தண்ணீரைக் கொட்டினார், பாத்திரத்தையே கவிழ்த்தார். அப்புறம், "கண்ணாடி எதற்கு இருக்கிறது?" என்று கேட்டார். "பார்த்துக்கொள்வதற்கு" என்றான் பையன்.

அது போலத்தான் ஒவ்வொரு செயலையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார் தகப்பனார். செய்வதற்கு முன்பு ஒரு முறை; செய்துகொண்டிருக்கும்போது ஒரு முறை; செய்து முடித்த பின்பு ஒரு முறை. இது எனக்குத் தீங்கு தருமா? பிறருக்குத் தீங்கு தருமா? இருவருக்கும் தருமா? முன்பே தெரிந்தால் செய்யாதே. பாதியில் தெரிந்தால் நிறுத்திவிடு. முடிந்த பிறகு தெரிந்தால், பெரியவர்களிடம் ஒளிக்காமல் சொல்லி, இனிமேல் அப்படிச் செய்யாமல் காத்துக்கொள். நல்லதாக இருந்தால் சந்தோஷப்படு.

கவனித்தீர்களா? "உன் விதி இப்படி" என்ற பேச்சே இந்த உபதேசத்தில் இல்லை. அடி, உதை, பயமுறுத்தலும் இல்லை. ஏழு வயதுப் பையனிடம் அவனுடைய வாழ்க்கையை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார் அவர்.

கோப்பையும் கங்கையும்

இனி, தலைப்பில் உள்ள உப்புக்கு வருவோம். தவறே செய்யாதவர்கள் நம்மில் யார்? செய்த தவற்றுக்கு என்ன கதி? இந்தக் கேள்விக்குப் புத்தர் சொன்ன உவமை சமையலறையிலிருந்து வந்தது.

ஒரு சிறு கோப்பைத் தண்ணீரில் ஒரு கட்டி உப்பைப் போட்டால் என்ன ஆகும்? வாயில் வைக்க முடியாது. அதே உப்புக் கட்டியைக் கங்கையில் போட்டால்? கங்கை உப்புக் கரிக்குமா? கரிக்காது. உப்பு ஒன்றுதான், தண்ணீர்தான் வேறு. அது போல ஒரே அளவான சிறு குற்றம், ஒழுக்கத்தாலும் அறிவாலும் மனத்தை விரிவு செய்துகொள்ளாதவனைப் பெருந் துன்பத்தில் தள்ளுகிறது. மனம் விரிந்தவனுக்கோ அது இந்த வாழ்விலேயே அனுபவித்துத் தீர்ந்துபோகும் சிறு வலியாக முடிகிறது.

போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாது, அது உண்மை. ஆனால் தண்ணீரைப் பெருக்குவது நம் கையில் இருக்கிறது. சாம்பாரில் உப்புக் கூடிப் போனால் நாம் தலையில் கை வைத்துக்கொண்டா உட்காருகிறோம்? நேற்றைய வினையை மாற்ற முடியாவிட்டாலும், அது விழுகிற பாத்திரத்தை இன்று பெரிதாக்கலாம் என்பதுதான் இந்தப் போதனையின் சாரம்.

மல்லிகா ராணி

கோசல நாட்டு அரசன் பிரசேனஜித்தின் ராணி மல்லிகா. பூமாலை தொடுப்பவர் வீட்டில் பிறந்து அரண்மனைக்கு வந்தவள் என்று உரைநூல்கள் கூறுகின்றன. சிராவஸ்தி நகரில் அவள் ஒரு நாள் புத்தரிடம், எந்தப் பெண்ணும் கேட்கக் கூடிய கேள்வி ஒன்றைக் கேட்டாள். சில பெண்கள் அழகாகவும், சிலர் அழகில்லாமலும், சிலர் செல்வத்தோடும், சிலர் வறுமையிலும் இருப்பது ஏன்?

கோபம், கொடை, பொறாமை ஆகிய மூன்றையும் வைத்துப் புத்தர் விடை சொன்னார். சிறு சொல்லுக்கும் சீறி விழுகிற குணம் மறு பிறப்பில் அழகைக் கெடுக்கிறது. கொடை செல்வத்தைத் தருகிறது. பொறாமையின்மை செல்வாக்கைத் தருகிறது என்றார். இங்கே பூர்வ ஜன்மம் வருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதைக் கேட்ட மல்லிகா என்ன செய்தாள் என்பதுதான் விசேஷம். "ஐயோ, என் விதியே!" என்று அழவில்லை. அடுத்த வீட்டுக்காரியைப் பார்த்து, "பார்த்தாயா, நீ போன ஜன்மத்தில் கோபக்காரி!" என்று சொல்லவுமில்லை. "நான் முன்பு கோபக்காரியாக இருந்திருக்க வேண்டும், அதனால்தான் எனக்கு அழகில்லை. கொடுத்திருக்க வேண்டும், அதனால் செல்வம் இருக்கிறது. பிறர் மேன்மையைப் பார்த்து வயிறு எரியாமலும் இருந்திருக்க வேண்டும். அதனால் அரண்மனையில் இத்தனை பெண்கள் என் சொல்லுக்குக் கட்டுப்படுகிறார்கள். இன்று முதல் கோபிக்க மாட்டேன், கொடுப்பேன், பொறாமைப்பட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

முற்பிறப்பு என்ற விளக்கை அவள் தன் மேல் மட்டும் அடித்துப் பார்த்துக்கொண்டாள். பார்த்தவுடன் அதை இன்றைய தினத்தின் பக்கம் திருப்பிவிட்டாள். கர்மத்தைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் மல்லிகாவைப் போல் பேசினால் யாருக்கும் நஷ்டமில்லை.

விரல் மாலை அணிந்தவன்

அதே பிரசேனஜித்தின் நாட்டில் அங்குலிமாலன் என்ற கொள்ளைக்காரன் இருந்தான். கொன்றவர்களின் விரல்களைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்டவன். அதுவே அவனுக்குப் பெயராயிற்று. கிராமங்கள் பாழாயின. தடுத்தவர்கள் பேச்சைக் கேளாமல் புத்தர் தனியாக அந்த வழியில் நடந்தார். வாளோடு துரத்தி வந்தவன் அவருடைய சீடனாகிவிட்டான். அவனைப் பிடிக்க 500 குதிரை வீரர்களோடு புறப்பட்ட அரசன், மொட்டைத் தலையும் காவி உடையுமாக ஒரு சாதுவைக் கண்டு திகைத்து நின்றான்.

அப்படியானால் பழைய கணக்கு தீர்ந்துவிட்டதா? இல்லை. பிக்ஷைக்குப் போனபோது ஒரு நாள் கல்லும் கழியும் ஓட்டாஞ்சில்லும் அவர் மேல் வந்து விழுந்தன. மண்டை உடைந்து ரத்தம் வழிய, பிக்ஷா பாத்திரம் உடைந்து, உடை கிழிந்து திரும்பி வந்தார். புத்தர், "பொறுத்துக்கொள். பல்லாண்டு நரகத்தில் அனுபவிக்க வேண்டியதை இங்கேயே அனுபவிக்கிறாய்" என்ற கருத்துப்படச் சொன்னார். செய்ததைச் செய்யவில்லை என்று ஆக்க அவராலும் முடியாது. ஆனால் அங்குலிமாலர் இப்போது கோப்பை அல்ல, கங்கை.

அதற்கு முன்பு நடந்த ஒரு சம்பவம் இதைவிட நெஞ்சை உருக்கும். பிரசவிக்க முடியாமல் துடித்த ஒரு பெண்ணை வழியில் கண்டு மனம் தாங்காமல் அங்குலிமாலர் புத்தரிடம் வந்து சொன்னார். நான் பிறந்தது முதல் தெரிந்து ஓர் உயிரையும் கொன்றதில்லை, இந்தச் சத்தியத்தால் நீ நலமாக இரு என்று அவளிடம் போய்ச் சொல் என்றார் புத்தர். "அது பொய்யாகுமே! நான் எத்தனை பேரைக் கொன்றிருக்கிறேன்!" என்றார் இவர். "அப்படியானால், துறவியாகப் புதுப் பிறவி எடுத்தது முதல் என்று சொல்" என்றார் அவர். இவரும் போய்ச் சொன்னார். தாயும் சேயும் பிழைத்தார்கள். எத்தனையோ உயிர்களை எடுத்தவரின் வாயிலிருந்து வந்த சொல் ஓர் உயிரை உலகுக்குக் கொண்டு வந்தது. இலங்கையில் பௌத்தக் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்காக இன்றும் அங்குலிமாலரின் பெயரால் வழங்கும் காப்பு மந்திரத்தை ஓதுகிறார்கள்.

நம் மணிமேகலை

இவையெல்லாம் வடநாட்டுக் கதைகள், பாலி மொழியில் உள்ளவை, பெரும்பாலும் கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் ஏட்டில் எழுதப்பட்டவை. ஆனால் நமக்கும் இதில் பங்கு உண்டு. சீத்தலைச் சாத்தனார் பாடிய மணிமேகலை பௌத்தக் காவியம் அல்லவா? அதில் காயசண்டிகை என்ற ஒருத்தி வருகிறாள். ஒரு முனிவருக்கு உரிய கனியைக் காலால் சிதைத்துவிட்டாள். அவர் சாபத்தால் எவ்வளவு உண்டாலும் தீராத 'யானைத் தீ' என்னும் பசி நோய் அவளைப் பற்றிக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகள் தவித்தாள்.

வினையின் கதை இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. "நீ செய்தாய், நீ அனுபவி" என்று மணிமேகலை சொல்லியிருக்கலாம். சொன்னாளா? அமுதசுரபியில் முதல் பிக்ஷையை ஆதிரையிடம் வாங்கிக்கொண்டு வந்து, அந்த அன்னத்தைக் காயசண்டிகைக்கு இட்டாள். பசி தீர்ந்தது. பின்னர் அரசனிடம் வேண்டிச் சிறைச்சாலையையே அறச்சாலையாக மாற்றினாள். குற்றம் செய்து உள்ளே போனவர்களுக்கும் அவள் சோறுதான் போட்டாள், கணக்குக் கேட்கவில்லை.

பெண்ணோ ஆணோ, இல்லறத்தாரோ துறவியோ, எல்லோரும் அடிக்கடி நினைக்க வேண்டியவை என்று புத்தர் ஐந்து விஷயங்களைச் சொன்னார். எனக்கு முதுமை உண்டு, நோய் உண்டு, மரணம் உண்டு, பிரியமானவற்றைப் பிரிதல் உண்டு, என் செயலுக்கு நானே உரியவள், அதன் பலனும் என்னுடையதே. ஐந்திலும் 'நான்', 'என்' என்றுதான் இருக்கிறது. "அவள் செயலுக்கு அவள் அனுபவிக்கிறாள்" என்று பக்கத்து வீட்டை நினைக்கும்படி அவர் சொல்லவே இல்லை. கர்மம் என்பது தன்னைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி. அடுத்தவர் மேல் எறியும் கல் அல்ல.

நம் தெருக் குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கடைசியில் அதன் பாட்டி ஊரிலிருந்து வந்தாள். வந்த மறுநாளே, "விதி இருக்கட்டும் அடி, முதலில் காதைக் காட்டலாம் வா" என்று மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குழந்தைக்கு வாயில் கோளாறே இல்லை, காதுதான் கேட்கவில்லை. கேளாததால் பேசவில்லை. பாபமும் இல்லை, சாபமும் இல்லை. காதுக்குக் கருவி பொருத்திப் பேச்சுப் பயிற்சியும் ஆரம்பமாயிற்று. "இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாமே அம்மா!" என்று மட்டும் டாக்டர் சொன்னாராம். சின்னஞ் சிறு வயதில் எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு வரும் என்பது இன்று டாக்டர்கள் எல்லோரும் சொல்வது.

அந்த ஆறு மாதம் யாருடைய வினை? குழந்தையுடையதல்ல; தாயினுடையதும் அல்ல. திண்ணையில் ஒருவர் சொன்ன ஒரு வாக்கியமும், அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்த எங்கள் எல்லோருடைய மௌனமும்தான் அது. அன்று அந்தத் திண்ணையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

சகோதரிகளே, அடுத்த முறை யாராவது உங்கள் முன்னிலையில் "போன ஜன்மத்துப் பாபம்" என்று ஆரம்பித்தால், சும்மா இருந்துவிடாதீர்கள். "அதை யார் கண்டது பாட்டி? இந்த ஜன்மத்தில் நாம் என்ன செய்யலாம், அதைச் சொல்லுங்கள்" என்று பணிவோடு சொல்லிப் பாருங்கள். ஒரு தாயின் ஆறு மாதம் மிஞ்சும்.